அந்நியபாஷையும் பரவசப்பேச்சும்: பெயரீடும் பொருள்கோளும்

கொரிந்து நகரத்துக் கிறித்தவர்களுக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் 14ஆம் இயல் ஒரு வழிபாட்டு வழக்கத்தைப் பற்றியது. கூடிவந்தோருள் சிலர் கேட்போர் எவருக்கும் விளங்காத ஒலித்தொடரால் இறைவனை வேண்டுகின்றனர். அவ்வழக்கத்தைக் குறிக்கத் தமிழில் இன்று இரு பெயர்கள் உள. வேதாகமச் சங்கம் வெளியிட்டுவரும் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'அந்நியபாஷை' என்று பெயரிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு 'பரவசப்பேச்சு' என்று பெயரிடுகிறது. மூலத்தில் நிற்பதோ 'குளோஸ்ஸா' என்னும் கிரேக்கச் சொல் ஒன்றே. நா என்பது அதன் முதற்பொருள். ஆகுபெயராக மொழி என்பதும் பொருளாகும். 'அந்நிய' என்பதற்கோ 'பரவச' என்பதற்கோ நேரான அடைமொழி மூலத்தில் இல்லை. இரண்டும் மொழிபெயர்ப்பாளர் தந்த விளக்கங்கள். முன்னது, பேசப்படுவது பிறிதொரு மொழி என்கிறது. பின்னது, பேசுவோர் தம்வசம் இழந்த நிலையில் உள்ளனர் என்கிறது. ஆராய்ச்சியின் முடிவாக வரவேண்டிய கருத்துகள் பெயரிலேயே முன்கூட்டி வைக்கப்பட்டுவிட்டன. கடந்த நூறாண்டுக்கு மேலாக மொழியியலாரும் உளவியலாரும் மருத்துவரும் திரட்டியுள்ள சான்றுகளை நோக்கின், இவ்விரு விளக்கங்களுள் எதுவும் முழுமையாக நிலைபெறவில்லை என்பது புலனாகும்.

மொழிபெயர்ப்பாளரை எளிதில் குறைகூறுதல் முறையன்று. 'குளோஸ்ஸா' என்பது கிரேக்கத்திலேயே பலபொருள் ஒருசொல். நா, மொழி என்னும் இருபொருளேயன்றி மூன்றாவதாக ஒரு பொருளும் அதற்கு உண்டு. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் சொற்களை வகைப்படுத்துமிடத்து, எல்லாரும் வழங்கும் சொல்லுக்கு மறுதலையாக, வேறு நிலத்தார் வழங்கும் சொல்லை இப்பெயரால் குறிக்கிறார். ஒரு நிலத்தார்க்கு இயல்பான சொல்லே மற்றொரு நிலத்தார்க்கு இவ்வகைச் சொல்லாகும் என்றும் அவர் விளக்குகிறார். தொல்காப்பியர் இயற்சொல்லுக்கு வேறாகத் திசைச்சொல்லை வகுத்த முறை இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே 'குளோஸ்ஸா' என்ற அளவிலேயே அயன்மைப் பொருள் சிறிது கலந்திருந்தது எனலாம். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் 'அறியப்படாத' என்னும் பொருளுடைய அடைமொழி ஒன்றைச் சேர்த்தது. ஆனால் அது மூலத்தில் இல்லாதது என்பதனை வேறு எழுத்து வடிவால் உணர்த்தியது.

'அந்நிய' என்பதற்கு அவ்வியலின் உள்ளேயும் ஓர் இடம் தோற்றுவாயாகலாம். 11ஆம் வசனத்தில், ஒருவர் பேசும் மொழியின் பொருள் விளங்காதபோது பேசுவோரும் கேட்போரும் ஒருவர்க்கொருவர் வேற்றினத்தார் போலாவர் என்று பவுல் கூறுகிறார். அங்கு அவர் வழங்கும் 'பார்பரோஸ்' என்னும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'அந்நியன்' என்றே பெயர்க்கிறது. ஆயின் அது உவமை. அதற்குச் சற்று முன்னரே, வேறுபாடு தோன்றாமல் ஒலிக்கும் குழலும் யாழும், தெளிவற்று முழங்கும் எக்காளமும் உவமையாக வந்துள்ளன. விளங்காத ஒலிக்கு எக்காளத்தை உவமை கூறினார் என்பதால் அதனை எக்காளம் என்று எவரும் பெயரிடவில்லை. வேற்றுமொழியை உவமை கூறியவிடத்து மட்டும் உவமையே பொருளின் பெயராகிவிட்டது. அவ்வியலின் 21ஆம் வசனத்தில் ஏசாயாவின் வாக்கு எடுத்துக்காட்டப்படுமிடத்து உண்மையான வேற்றுமொழியே பேசப்படுகிறது. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு 'மறுபாஷை' என்று வேறு சொல்லால் குறித்தது நுண்ணிய செயல். எனினும் பாஷை என்பது இரண்டிற்கும் பொதுவாக நின்றமையால் அவ்வேறுபாடு வாசகர் உள்ளத்தில் பதியவில்லை.

இதனினும் பெரிய மயக்கம் அப்போஸ்தலர் நடபடிகளின் 2ஆம் அதிகாரத்தோடு கொரிந்து மடலை இணைத்துப் படிப்பதால் விளைவது. எருசலேமில் பேசப்பட்டவை பல நாட்டார்க்கும் அவரவர் மொழியாகக் கேட்டன, விளக்குவோர் வேண்டப்படவில்லை. கொரிந்திலோ விளக்குவோர் இன்றி ஒருவர்க்கும் பொருள் புலப்படவில்லை. முன்னது மொழித்தடையை நீக்கிய நிகழ்ச்சியாகவும் பின்னது சபையில் மொழித்தடையை உண்டாக்கிய வழக்கமாகவும் சொல்லப்படுகின்றன. இரண்டனையும் ஒரே பெயரின்கீழ் அடக்கியதால் வந்த விளைவுகள் நூலகத்தோடு நின்றுவிடவில்லை.

1901 சனவரி முதல் நாளில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்னும் மாணவியார் விளங்காத பேச்சுப் பேசினார். அவர் பேசியது சீனமொழி என்று உடனிருந்தோர் நம்பினர். பார்ஹாம் இதிலிருந்து ஒரு கொள்கையே வகுத்தார். இறைப்பணியாளர் இனி மொழி கற்க வேண்டுவதில்லை, செல்லும் நாட்டு மொழி ஆவியால் அருளப்படும் என்பது அது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் தலைமையில் எழுந்த இயக்கத்திலும் இந்நம்பிக்கை பரவலாக இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஆல்பிரட் கார் என்பவர் தமக்கு வங்கமொழி அருளப்பட்டதாக நம்பிக் கல்கத்தா வந்தார். 1907இன் தொடக்கத்தில் அந்நகரில் அவர் பேசியதை வங்காளியர் எவரும் வங்கமொழியாக உணரவில்லை. கார் தம் நம்பிக்கையை விடவில்லை. அதன் பொருளை மாற்றிக்கொண்டார். இப்பேச்சு போதனைக்கு உரியதன்று, வேண்டுதலுக்கும் போற்றுதலுக்கும் உரியது என்று கொண்டார். பின்னர் ஹாங்காங் சென்றபோது சீனத்தை ஏனையோர் போல முயன்று கற்க முற்பட்டார். பெயரின் வழியே வந்த கொள்கை ஒன்றைக் களத்தில் கேட்போர் செவி மறுத்த நிகழ்ச்சி இது. கோட்பாட்டு நூல்கள் பலவற்றினும் மிகுதியான தெளிவு இதில் உண்டு.

இந்தியாவில் இவ்வழக்கம் அமெரிக்க இயக்கத்தால் வந்தது என்னும் கருத்தும் திருத்தத்திற்குரியது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் பணியாற்றிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைச் சார்ந்து 1860இல் எழுந்த திருநெல்வேலிச் சீமை எழுப்புதலில் இத்தகைய பேச்சும் அதற்கு விளக்கம் கூறுதலும் நிகழ்ந்ததாகக் குறிப்புகள் உள்ளன. புனேயை அடுத்த கேட்காவ் என்னுமிடத்தில் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி இல்லத்தில் 1905 முதல் நிகழ்ந்த எழுப்புதலிலும் இவ்வழக்கம் காணப்பட்டது. ரமாபாய் இதனை அருளின் அடையாளங்களுள் ஒன்றாக ஏற்றார். எல்லாரிடத்தும் காணப்பட்டே ஆகவேண்டிய சான்றாகக் கொள்ளவில்லை. அமெரிக்காவில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1916இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையோ இதனை ஆவியின் முழுக்குக்குரிய தொடக்கச் சான்றாக வரையறுத்தது. ஒரே வழக்கம் ஓரிடத்தில் கொடையாகவும் ஓரிடத்தில் தேர்வாகவும் பொருள்பட்டது.

வேற்றுமொழி எனக் கூறப்பட்ட பேச்சினை மொழியறிஞர் நேர்நின்று ஆராய்ந்த முதற் பெருமுயற்சி வழிபாட்டுச் சபை ஒன்றில் நிகழவில்லை. ஜெனீவா நகரின் உளவியற் பேராசிரியர் தியோடர் புளூர்னுவா, எலென் ஸ்மித் என்னும் புனைபெயரால் குறித்த ஆவியுரைப்பாளர் ஒருவரைப் பற்றி 1900ஆம் ஆண்டளவில் வெளியிட்ட நூலே அது. அப்பெண்மணி செவ்வாய்க் கோளின் மொழியைப் பேசுவதாகக் கூறினார். முற்பிறப்பில் கன்னட நாட்டுச் சந்திரகிரியில் அரசனொருவனுக்கு மனைவியாயிருந்ததாகக் கூறிச் சமற்கிருதம் போன்ற ஒன்றையும் பேசினார். புளூர்னுவா அதனை மதிப்பிட வேண்டியவர்களுள் ஒருவர் பெர்டினாண்ட் டி சசூர். சசூர் அதனை வடமொழி என்று ஒப்பவில்லை; வெற்றொலி என்று தள்ளவும் இல்லை. சில மெய்யான வடசொற்கள் பொருளற்ற அசைகளினூடே கலந்திருப்பதைக் காட்டினார். வடமொழியில் இல்லாததும் பிரெஞ்சில் மிகுதியாக வழங்குவதுமான உதட்டுப்பல் உரசொலி, ஆங்கில 'ஃப்', அதில் இடம்பெறாமை வியப்பிற்குரியதாயிற்று. 1901இல் இப்பேச்சுகளை ஆராய்ந்த விக்டர் ஆன்ரி இதற்கு உரைத்த காரணம் சுவையானது. பிரெஞ்சு என்னும் மொழிப்பெயரே அவ்வொலியில் தொடங்குவதால், பிரெஞ்சினை விலக்க முயன்ற உள்ளம் அவ்வொலியையும் விலக்கியது என்றார். விளக்கம் சற்று மிகை எனினும், அதில் அடங்கிய உண்மை பெரிது. புதுமொழி படைப்பதாகத் தோன்றும் நாவும் தான் அறிந்த மொழியை அளவுகோலாக வைத்துக்கொண்டே அதிலிருந்து விலகுகிறது. செவ்வாய் மொழியின் தொடரமைப்பு பிரெஞ்சுத் தொடரமைப்பாகவே இருந்ததும் இதனை வலியுறுத்தும்.

வழிபாட்டுப் பேச்சினை இம்முறையில் விரிவாக ஆராய்ந்தவர் வில்லியம் சமாரின். நடு ஆப்பிரிக்காவின் சாங்கோ மொழியில் வல்லவரான அவர் 1972இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது. அவர் கண்ட முடிவுகள் மூன்றாகச் சுருங்கும். இப்பேச்சின் ஒலிகள் பேசுவோர் முன்னரே அறிந்த மொழிகளிலிருந்து பெறப்படுகின்றன. ஒலிகளின் வகையும் அசைகளின் அமைப்பும் தாய்மொழியினும் எளிமைப்பட்டு, சில அசைகள் மீளமீள வருகின்றன. ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் சேர்ந்து, கேட்போர்க்கு மொழி என்னும் தோற்றத்தைத் தருகின்றன. ஒலித்தொடரைப் பொருளோடு இணைக்கும் ஒழுங்கு மட்டும் இல்லை. எனவே இஃது எந்நாட்டு மொழியும் அன்று. சொல் எனப்படுவது பொருள் குறிக்கும் என்று பெயரியலின் தொடக்கத்தில் தொல்காப்பியர் வகுத்த வரையறையை வைத்து நோக்கினும் இதில் சொல் இல்லை. ஆயினும் ஓசை உண்டு, அசை உண்டு, தொடரும் உண்டு. அசைநிலையையும் இசைநிறையையும் இடைச்சொல்லுள் வைத்து எண்ணிய தமிழிலக்கணம், பொருள் குறியாத ஒலி பேச்சில் தொழிற்படும் என்பதனை அறியாததன்று. பொருளுடைய சொற்களைச் சார்ந்தே அவை வரும் என்பது மட்டுமே வேறுபாடு.

இவ்வாறு 'அந்நியபாஷை' என்பது மொழியியலால் மறுக்கப்பட்டபின், 'பரவசப்பேச்சு' என்பதே பொருத்தமான பெயர் என்று கொள்ளத் தோன்றும். அதற்கு ஆதரவாக நிற்பவர் பெலிசிட்டாஸ் குட்மன். சமாரின் நூல் வெளிவந்த அதே 1972இல் வெளிவந்த அவர் நூல், மெக்சிகோ நகரத்து ஸ்பானிய மொழியினரையும் யூக்கத்தான் பகுதி மாயா மொழியினரையும் அமெரிக்க ஆங்கில மொழியினரையும் ஒப்பிட்டது. மொழி வேறாயினும் இவர்தம் பேச்சின் ஓசை ஒரே வகையில் ஏறி, உச்சமடைந்து, இறங்குகிறது என்றார். உடலின் கிளர்ச்சிநிலை, அதாவது பரவசம், பேச்சின்மீது பதித்த வடிவமே அது என்பது அவர் முடிவு. பதிவுகளைத் துல்லியமாகக் கேட்டமைக்காகக் குட்மன் பாராட்டப்பட வேண்டியவர். ஆனால் அவர் ஆராய்ந்த சபைகள் பெரிதும் ஒரே மரபைச் சார்ந்தவை. ஒரு மரபின் போதனை முறையும் வழிபாட்டு முறையும் நாடு கடந்தும் ஒத்த ஓசையை உண்டாக்கக்கூடும் என்பதைச் சமாரின் சுட்டிக்காட்டினார். அமைதியாக, தனியே, அன்றாட அலுவல்களின் நடுவே இவ்வாறு வேண்டுவோர் பலர் உளர் என்பதும் அவர் காட்டிய சான்று. கிளர்ச்சிநிலை உடன்வரலாம், அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை.

பவுலின் மடலும் பரவசம் என்னும் பொருளுக்கு இடந்தரவில்லை. விளக்குவோர் இல்லையாயின் பேசுவோர் சபையில் வாய்மூடியிருக்க வேண்டும் என்றும், இருவர் அல்லது மிகுந்தால் மூவர் முறையாகப் பேசவேண்டும் என்றும் அவர் கட்டளையிடுகிறார். தம்வசம் இழந்தோர்க்கு இத்தகைய கட்டளை இடுதல் பயனற்றது. திருவிவிலியத்தின் வாசகர் ஒருவர் 'பரவசப்பேச்சு' என்னும் பெயரையும் அதற்கு விதிக்கப்பட்ட இவ்வொழுங்கையும் ஒருங்கே படிக்கும்போது முரண்பாட்டை உணராமல் இருக்க முடியாது. நடபடிகளில் 'மொழி' என்றும் கொரிந்து மடலில் வேறொரு பெயராலும் குறித்து இரு நிகழ்ச்சிகளையும் பிரித்துக் காட்டியது அம்மொழிபெயர்ப்பின் உண்மையான தெளிவு; தேர்ந்த பெயர்தான் அத்தெளிவிற்கு ஈடாக அமையவில்லை.

தமிழ் வழக்கும் இங்கே ஒரு சான்றாகும். சங்க இலக்கியத்து வேலன் வெறியாட்டு முதல் இன்றைய கோயில்களில் மருளாளி கூறும் அருள்வாக்கு வரை, பரவசநிலையில் பேசுதல் தமிழர்க்குப் பழகிய ஒன்று. அவ்வாறு பேசப்படுவது தமிழே. குறைகேட்டு வந்தோர்க்கு அது விளங்கவேண்டும். விளங்காவிடின் வாக்குக் கேட்டலே நிகழாது. குரல் மாறும், தன்மை முன்னிலைச் சொற்கள் இடமாறும், தெய்வமே பேசுவதாகத் தொடர் அமையும். மொழி மட்டும் மாறாது. ஆகவே பரவசம் உள்ள இடத்துப் பேச்சு விளங்குவதாகவும், விளங்காப் பேச்சு உள்ள இடத்துப் பரவசம் இல்லாததாகவும் இருத்தல் கூடும். இரண்டும் தனித்தனிப் பண்புகள். தமிழ் வாசகர்க்குப் 'பரவசப்பேச்சு' என்றவுடன் உள்ளத்தில் தோன்றுவது சாமியாட்டமே. அது கொரிந்தியர் வழக்கத்தையும் விளக்கவில்லை. சாமியாட்டத்திற்கும் நீதி செய்யவில்லை.

மருத்துவத்தார் விளக்கங்களுக்கு வருமுன் ஒன்றை நினைவுகூரல் தகும். இதனை நோயாகக் காணும் நோக்கு புதியதன்று. எருசலேமில் கேட்டோர் சிலர் மது மயக்கம் என்றனர். கொரிந்துச் சபைக்குள் புதிதாக நுழைவோர் பித்தென்று கூறமாட்டார்களோ என்று பவுலே வினவுகிறார். உளநோய் மருத்துவம் வளர்ந்தபோது இப்பழைய ஐயம் கலைச்சொல் பெற்றது. நோயாளர் சிலரின் புதுச்சொற் புனைவிற்கும் வழிபாட்டுப் பேச்சிற்கும் ஒரே பெயர் வழங்கப்பட்டது. 1927இல் ஜார்ஜ் கட்டன் எழுதிய நூல் கல்விக்குறைவையும் உளநலக்குறைவையும் இதன் நிலைக்களமாக்கியது. இக்கருத்து ஆய்வால் தாங்கப்படவில்லை. 1969இல் வெர்ஜினியா ஹைன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இதனை நோய்க்குறி எனக் கொள்ளச் சான்றில்லை என்றும், கற்றறியப்படும் நடத்தையாகக் கொள்வதே தகும் என்றும் காட்டினார். 1972இல் ஜான் கில்டால், பேசுவோர் தலைவர் ஒருவரைப் பெரிதும் சார்ந்திருப்பதைச் சுட்டினார்; உளநோய் மிகுதி என்று அவரும் கூறவில்லை.

கற்றறியப்படுவது என்பதற்கு 1986இல் நிக்கலஸ் ஸ்பானோசும் உடனாய்வாளரும் கனடாவில் செய்த சோதனை வலுவான ஆதாரம். இவ்வழக்கத்தை அறியாத 60 பேர்க்கு ஒரு நிமிடப் பதிவு கேட்பிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உடனே அதுபோல் பேசினர். சிறிது பயிற்சி பெற்றோருள் பெரும்பாலோர் சரளமாகப் பேசினர். பரவசமோ உளக்கோளாறோ இதற்கு வேண்டப்படவில்லை. ஆயின் சோதனைச்சாலையில் அவர்கள் செய்தது ஒலியைப் படைத்தல், வேண்டுதல் அன்று. பாடக் கற்றோர் எல்லாரும் பக்தியால் பாடுவோர் ஆகார் என்பது போல, ஒலி கற்கத்தக்கது என்பதால் அதன் ஆன்மிகப் பொருள் பொய்யாகிவிடாது. ஸ்பானோசின் முடிவை மேற்கோள் காட்டுவோர் பலர் இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றனர்.

எதிர்த்திசையில் எல்லை கடத்தலும் உண்டு. 2006இல் பென்சில்வேனியாவில் ஆண்ட்ரூ நியூபெர்க்கும் உடனாய்வாளரும் ஐந்து பெண்களின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தனர். இவ்வாறு பேசும்போது, பக்திப்பாடல் பாடும்போதைவிட, நெற்றிமடலின் முற்பகுதியில் செயற்பாடு குறைந்திருந்தது. தாம் பேசவில்லை, தம்மூலம் பேசப்படுகிறது என்று பேசுவோர் கூறும் அனுபவத்திற்கு இது பொருந்துகிறது. பேசுபவர் யார் என்பதற்கு அது விடையன்று. மேலும் ஒப்பீட்டிற்குக் கொண்ட பாடல் முன்னரே மனனம் செய்த சொற்களால் ஆனது. சொல்லை நினைவிலிருந்து எடுக்கும் செயலுக்கும் எடுக்க வேண்டாத செயலுக்கும் உள்ள வேறுபாடே அளவையில் தோன்றியிருக்கலாம். ஐந்து பேரளவில் நின்ற ஓர் ஆய்வு சமயச் சொற்பொழிவுகளில் அறிவியல் உறுதியாக எடுத்தாளப்படுவது ஆய்வாளரின் குற்றமன்று.

மருத்துவத்தில் பெயரீடு உயிர்ப்பொருளாகும் இடம் வேறொன்று. 1874இல் கார்ல் வெர்னிக்கே விளக்கிய பேச்சிழப்பில் நோயாளர் தடையின்றிப் பேசுவர். ஓசையும் ஏற்ற இறக்கமும் இயல்பாக இருக்கும். சொற்களோ பொருளற்றவையாக இருக்கும். கேட்பவர்க்கு அது முன்னறியாத மொழி போலவே தோன்றும். வேறுபாடு பேச்சின் ஒலியில் இல்லை, பேசுபவர் நிலையில் உள்ளது. வழிபடுவோர் வேண்டும்போது தொடங்கி வேண்டும்போது நிறுத்துவர். தம் பேச்சு பிறர்க்கு விளங்காது என்பதை அறிவர். அடுத்த நொடியே தம் தாய்மொழியில் விடையிறுப்பர். பேச்சிழந்தோர்க்கு இம்மூன்றும் கூடுவதில்லை. தாம் பேசுவது விளங்கவில்லை என்பதே அவருள் பலர்க்குத் தெரியாது. மூளைக் குருதிக்குழாய் அடைப்பால் இந்நிலை திடீரெனத் தோன்றுமாயின், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். வழிபாட்டில் பழகிய குடும்பத்து முதியவர் ஒருவர் திடீரென விளங்காது பேசுங்கால், அதனை 'அந்நியபாஷை' எனக் கொண்டு மகிழ்வது அந்நேரத்தை இழப்பதாகும். மறுதலையாக, மருத்துவமனைக்கு வேறு காரணத்தால் வந்த ஒருவர் தம் படுக்கையருகே இவ்வாறு வேண்டுவதைக் கேட்டுப் 'பிதற்றல்' என்று குறிப்பேட்டில் எழுதுவதும் தீங்கே. 1994இல் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேடு சமயம் சார்ந்த சிக்கல்களை நோயின் வேறாகக் குறிக்க இடம் வகுத்தது இத்தவற்றை உணர்ந்தமையால்தான்.

மொழியும் அன்று, பரவசமும் வேண்டுவதில்லை, நோயும் அன்று என்றால் பேசுவோர்க்கு இதன் பொருள் யாது? பொருள் சொல்லில் இல்லை, சொல்லும் செயலில் உள்ளது என்பதே பவுலின் விளக்கத்திலிருந்து பெறப்படுவது. ஆவி வேண்டுகிறது, அறிவு அதில் பங்குபெறவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். உள்ளத்து மகிழ்ச்சி சொல்லில் அடங்காதபோது சொல்லற்ற இசையாக வெளிப்படுதலை அகுஸ்தீனும் சங்கீத உரையில் போற்றினார். சாமகானத்தின் ஸ்தோபங்கள் பொருள் குறியாத அசைகளே. அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் ஆளத்திக்கு எழுத்துகளை வகுத்துரைத்ததும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அங்கும் ஒலி உண்டு, ஒழுங்கு உண்டு, பொருள் குறித்தல் இல்லை. அதனை மொழி என்றோ பித்து என்றோ எவரும் கூறியதில்லை.

இவ்வாறாயின் தமிழில் 'நாப்பேச்சு' என்னும் பெயரை எண்ணிப்பார்க்கலாம். மூலச்சொல்லின் முதற்பொருளைத் தழுவியது. அயன்மையையோ மனநிலையையோ ஏற்றிச் சொல்லாதது. வெறும் வாய்ப்பேச்சு என்னும் இழிபொருள் சார்ந்துவிடும் என்பது அதற்குள்ள இடர்.

பெயர் எதுவாயினும், சமாரின் கூறியதைத் தமிழர் பேச்சில் சோதிப்பதற்குத் தமிழ் ஒலியியல் தனித்த வாய்ப்பைத் தருகிறது. தமிழில் சொல்லுக்கு முதலாகும் எழுத்துகளும் ஆகாத எழுத்துகளும் மொழிமரபிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. வழிபடும் தமிழர் ஒருவரின் பேச்சில் ரகரமும் லகரமும் டகரமும் முதலில் நிற்குமாயின், ஒலி தமிழுடையதாயினும் அதன் இருப்பிடம் தமிழுடையதன்று. ஆங்கிலச் சொற்களாலும் வடசொற்களாலும் வேதாகமப் பெயர்களாலும் பழகிய செவி அதனைத் தந்ததா, சபைத் தலைவரின் பேச்சிலிருந்து வந்ததா என்பது அடுத்த வினா. ழகரம் அப்பேச்சில் வருகிறதா, வருமாயின் எவ்வளவு என்பதும் கேட்கத்தக்கது. ஏனெனில் பேசுவோர் தம் மொழியிலிருந்து விலக முயலும்போது அதன் தனி அடையாளம் எனக் கருதும் ஒலியையே, ஜெனீவாப் பெண்மணி போல, முதலில் கைவிடக்கூடும்.